பெங்களூரிலிருந்து நேத்ராணி: ஒரு நாள் படகுப் பயணமும் ஸ்நார்க்கலிங்கும் – முழுமையான வழிகாட்டி

நேத்ராணிக்குப் போய்விட்டு வந்து "மீனே தெரியலப்பா" என்று சொல்பவர்களைக் கொஞ்சம் கிளறிக் கேட்டுப் பாருங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்திருக்கும், அல்லது வயிறு புரட்டிப் படகின் ஓரத்தில் சுருண்டு படுத்திருப்பார்கள், அல்லது போன மாதமே தப்பாக இருந்திருக்கும். மீன் அங்கேதான் இருந்தது. இந்த மூன்றும் படகில் ஏறுவதற்கு முன்பே பெங்களூரில் உட்கார்ந்து சரிசெய்யக் கூடியவை. அதனால் இந்த வழிகாட்டியில் கடலைவிடக் கரை வேலைகள்தான் அதிகம்.

எந்தத் தீவு?

பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய இடங்களில், ஸ்நார்க்கலிங்குக்கு, அதாவது மாஸ்க் போட்டு, குழாய் வழியாக மூச்சுவிட்டபடி மிதந்துகொண்டே கடலுக்குள் பார்ப்பதற்கு, தகுந்த தண்ணீர் நேத்ராணியில்தான். உத்தர கன்னட மாவட்டத்தில் முருதேஸ்வர் கரையிலிருந்து சுமார் 19 கி.மீ. தள்ளி, அரபிக் கடலில் தனியாக நிற்கும் பாறைத் தீவு இது. மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். புறாத் தீவு என்றும் ஒரு பெயர் உண்டு. கரையிலிருந்து இவ்வளவு தூரம் இருப்பதால்தான் ஆற்று வண்டல் இங்கே குறைவு, தண்ணீர் தெளிவு.

இன்னொரு பெயர்பெற்ற இடம் உடுப்பியை ஒட்டிய மல்பே கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரீஸ் தீவுகள். அது நடந்து பார்க்கும் இடம், ஸ்நார்க்கலிங்குக்கான இடமல்ல. கோவாவின் கிராண்டே தீவில் பாட்டும் கூட்டமும் அதிகம், தண்ணீர் பெரும்பாலும் கலங்கல். மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: நேத்ராணியில் இறங்கி நடக்க முடியாது. கரை முழுக்கச் செங்குத்துப் பாறை. கடற்படை ஒரு காலத்தில் குண்டு வீசிப் பயிற்சி செய்த தீவு வேறு. வெள்ளை மணல், தென்னை, கூடாரம் என்று படம் போட்டு யாராவது விற்றால் அது வேறு ஏதோ தீவின் படம். படகு பாறைக்கு அருகில் நங்கூரம் போடும், நீங்கள் படகிலிருந்தே இறங்கிப் படகுக்கே திரும்புவீர்கள். கால் தரையில் படாது. நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு தாராளமாக இறங்கலாம், ஆனால் "பயமாக இருந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம்" என்ற வசதி அங்கே இல்லை.

எந்த மாதம், எந்த நாள்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மறந்துவிடுங்கள். பருவமழைக் கடலில் படகு ஓடாது. அக்டோபரில் படகு தொடங்கும், ஆனால் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேறு இன்னும் அடங்கியிருக்காது, அரபிக் கடலில் புயல் உருவாகும் காலமும் அதுவே. நவம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை பொற்காலம். நல்ல நாளில் 15 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும். மார்ச்சும் நன்றாகவே இருக்கும், வெயில் மட்டும் தோலை உரிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மதியக் காற்று பலமாகும், கூடவே கள்ளக்கடலும் வரும்.

கள்ளக்கடல் என்பது கேரள மீனவர்கள் வைத்த பெயர். இங்கே காற்றே இருக்காது, வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஆனால் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த நீளமான அலைகள் திருடன் மாதிரி சத்தமில்லாமல் கரைக்கு வந்து ஏறும். கரையில் நின்று பார்த்தால் கடல் அமைதியாகத்தான் தெரியும். பாறையை ஒட்டி நீந்தும்போதுதான் அதன் பலம் புரியும்.

ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தினமும் கடல்நிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. இரண்டு நாள் முன்பே உத்தர கன்னடக் கரைக்கான அலை உயரத்தைப் பாருங்கள். ஒரு மீட்டருக்குள் என்றால் சுகமான பயணம். ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை என்றால் குலுக்கும், குழந்தைகளும் வயதானவர்களும் தவிர்ப்பது நல்லது. அதற்கு மேல் என்றால் படகோட்டி "பரவாயில்லை" என்றாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நாளுக்குள்ளும் நேரம் முக்கியம். விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும், கடல் தட்டையாக இருக்கும். தரை சூடேறியதும், நண்பகலையொட்டிக் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கத் தொடங்கும், அலை எழும்பும். ஏழரை மணிப் படகுக்கும் பதினோரு மணிப் படகுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதல் படகில் இடம் இல்லை என்றால் வேறு நாள் பாருங்கள்.

போக்குவரத்தும் நாள் கணக்கும்

பெங்களூரிலிருந்து முருதேஸ்வர் ஏறத்தாழ 500 கி.மீ. இரவு ஸ்லீப்பர் பஸ் உண்டு. ரயிலில் போவதானால் கார்வார் போகும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ். மாலையில் ஏறினால் காலையில் கரையோரம் வந்துவிடலாம். சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யாவுக்கும் நடுவே மலையில் இறங்கும் பாதை அழகானது, ஆனால் நீங்கள் கடக்கும் நேரத்தில் இருட்டாக இருக்கும்.

பஸ்ஸில் போகிறவர்கள் பலர் தேசிய நெடுஞ்சாலை 66இல், ஊர் வளைவருகே இறக்கிவிடப்படுவார்கள். அங்கிருந்து கோயிலும் கடற்கரையும் மேற்கே இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரும்பாலானோர் செய்யும் தப்பு. வெள்ளி இரவு பஸ், சனி காலை ஆறரைக்கு இறங்குவது, பல் துலக்கி ஏழரைப் படகில் ஏறுவது. மலைப்பாதை வளைவுகளில் இரவு முழுக்க ஆடிய உடம்பு, தூக்கமில்லாத தலை, காலியான வயிறு. கடல் வாந்திக்கு இதைவிட நல்ல சமையல் குறிப்பு கிடையாது. சனிக்கிழமையை ஊர் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு காலை படகு, ஞாயிறு இரவு பஸ். மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் இரண்டாம் நாள் படகு. கடல் சரியில்லாமல் ரத்தானால் மூன்றாம் நாள் கையில் இருக்கும்.

முன்பதிவு செய்யும்முன் கேட்க வேண்டியவை

கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். கடல் மோசமாகிப் படகு ரத்தானால் பணம் முழுதும் திரும்புமா, அல்லது வேறு தேதி மட்டும்தானா? தண்ணீருக்குள் எவ்வளவு நேரம்? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? நீச்சல் தெரியாதவர் ஆறு பேருக்கு மேல் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டால் அது மேய்ப்பு, வழிகாட்டல் அல்ல. படகில் ஆக்சிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, வி.எச்.எஃப். வானொலி (கரையோடு பேசும் கம்பியில்லாக் கருவி) இருக்கிறதா? 19 கி.மீ. வெளியே கைபேசி சிக்னலை நம்பிப் போகக் கூடாது.

பதில் தமிழில் வராது, கன்னடம் அல்லது கொங்கணி. பெங்களூர்க் கன்னடம் போதும். முந்தின நாள் மாலை "நாளெ அலெ ஜாஸ்தி இதெயா?" (நாளைக்கு அலை அதிகமா?) என்று படகுக்காரரிடமே நேரில் கேட்டால், தொலைபேசியில் பதிவு எடுக்கும் ஆளைவிட நேர்மையான பதில் வரும்.

மாஸ்க்: எல்லாம் இதில்தான்

ஸ்நார்க்கலிங் கருவிகளில் சொந்தமாக ஒன்றே ஒன்று வாங்குவதானால் மாஸ்க் வாங்குங்கள். படகில் தரும் மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. டெகத்லான் மாதிரிக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கலாம்.

பொருத்தம் பார்க்கும் முறை: பட்டையைத் தலைக்குப் பின்னால் மாட்டாமல் முன்பக்கம் தள்ளிவிடுங்கள். மாஸ்க்கை முகத்தில் மெதுவாக வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பிடியுங்கள், கையை எடுங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்தாலும் மாஸ்க் ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டும். விழுந்தால் வேறு மாடல். நன்றாக அழுத்தினால் நிற்கிறது என்றால் அதுவும் வேண்டாம்.

மீசைக்காரர்கள் கவனத்துக்கு. மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு மூக்குக்குக் கீழே, மேல் உதட்டின் மீதுதான் உட்காரும். அங்கே முடி இருந்தால் ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு சிறு கால்வாய். மீசையை எடுக்க மனம் வராதவர்கள் மூக்குக்கு நேர் கீழே அரை சென்டிமீட்டர் பட்டையாக மழித்தால் போதும், மிச்சம் கம்பீரமாக இருக்கட்டும். பெண்களுக்கு இதே சிக்கல் நெற்றியில்: ஒரு முடிக்கற்றை விளிம்புக்குள் மாட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். தண்ணீர் வருகிறதே என்று பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். பட்டை பின்னந்தலையின் அகலமான இடத்தில், காதுக்கு மேலே, தளர்வாக இருக்க வேண்டும்.

அடுத்தது பனிமூட்டம். புதுக் கண்ணாடியில் தொழிற்சாலையிலிருந்து வந்த மெல்லிய சிலிக்கோன் படலம் இருக்கும், அதில் மூச்சின் ஈரம் முத்து முத்தாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டிலேயே சாதாரண வெள்ளைப் பற்பசையை உள் பக்கம் தடவி, விரலால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். நான்கைந்து முறை செய்யுங்கள். ஜெல் வகைப் பற்பசை இதற்கு உதவாது. கடலில் இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவிக் கடல் நீரில் ஒருமுறை மட்டும் அலசுங்கள். எச்சில் துப்பித் தேய்ப்பதும் வேலை செய்யும். போட்ட பிறகு மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றாதீர்கள். நெற்றிச் சூட்டில் திரும்ப மூட்டம் போடும், அலை அடித்தால் கடலுக்குள் போய்விடும். கழுத்தில் இறக்கிவிடுங்கள்.

பார்வைக் குறை உள்ளவர்கள் பவர் பொருத்திய மாஸ்க் வாங்கலாம், அல்லது ஒரு நாள் மட்டும் போட்டு எறியும் கான்டாக்ட் லென்ஸ் போடலாம். முகம் முழுதும் மூடும் மாஸ்க்குகள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கின்றன. சரியாகக் காற்றுப் பிரியாத வகைகளில் வெளிவிட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும், அவசரத்தில் கழற்றுவதும் தாமதம். அலையுள்ள திறந்த கடலுக்குப் பழைய இரண்டு துண்டு முறையே மேல்.

குளத்தில் ஒரு மணி நேரம்

பயணத்துக்கு முந்தைய வாரம் பேட்டையிலுள்ள ஏதாவது நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் போதும். மார்பளவுத் தண்ணீரில் நின்று தொடங்குங்கள்.

முதலில் மூச்சு. முகத்தை நீரில் வைத்து வாயால் மட்டும், மெதுவாக, ஆழமாக. உள்ளே நான்கு எண்ணிக்கை, வெளியே ஆறு. குழாயின் நீளம் முழுக்க நீங்கள் வெளிவிட்ட காற்று நின்றுகொண்டிருக்கும். குட்டிக் குட்டியாக மூச்சு விட்டால் அதே பழைய காற்றையே திரும்ப இழுப்பீர்கள், தலை கனக்கும், பயம் வரும். அந்தப் பயத்தில் மூச்சு இன்னும் குறுகும். கடலில் ஏற்படும் பதற்றத்தின் மூலம் பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது, குழாயில் புகுந்த நீரை வெளியேற்றுவது. தலையைக் குழாய் முழுகும்வரை அமிழ்த்தி மேலே வாருங்கள், "தூ" என்று ஒரே ஊதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடுத்த மூச்சைக் கொஞ்சமாக, ஜாக்கிரதையாக இழுங்கள், மிச்சத் தண்ணீர் இருந்தால் இன்னொரு ஊதல். இருபது முறை செய்தால் கை தானாகக் குழாயைப் பிடுங்கும் பழக்கம் போய்விடும்.

மூன்றாவது, மாஸ்க்குக்குள் வந்த நீரை வெளியேற்றுவது. மேல் விளிம்பை நெற்றியோடு விரலால் அழுத்திப் பிடித்து, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள். நீர் கீழ் விளிம்பு வழியாக ஓடிவிடும்.

காலில் ஃபின்ஸ் (துடுப்பு மாதிரி நீண்ட நீச்சல் காலணி) போட்டால் சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்காதீர்கள். இடுப்பிலிருந்து நீளமாக, மெதுவாக. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் மல்லாந்து மிதந்து, ஃபின்ஸின் நுனியைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள்.

வயிற்றைக் காப்பாற்றுவது

கண் "அசையவில்லை" என்கிறது, உள்காது "ஆடுகிறது" என்கிறது. இந்தச் சண்டையில் வயிறுதான் அடிவாங்குகிறது. முந்தின இரவு மதுவும் பரோட்டா சால்னாவும் வேண்டாம். காலையில் இரண்டு இட்லி, கொஞ்சம் தண்ணீர். வெறும் வயிற்றோடு போவது உதவும் என்று நினைப்பது தவறு. வாந்தி இயல்பாகவே வரும் ஆள் என்றால் அவோமின் போன்ற மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு போட்டால்தான் பலன், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை என்பதால் நீருக்குள் போகிறவர்கள் ஒருமுறை வீட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது.

படகில் நடுப்பகுதியில் உட்காருங்கள், முன்முனைதான் அதிகம் ஏறி இறங்கும். டீசல் புகை வரும் பக்கத்தைத் தவிருங்கள். கைபேசியை உள்ளே வைத்துவிட்டு அடிவானத்தைப் பாருங்கள். போகும் வழியில் நன்றாக இருந்தவர்கள்கூட நங்கூரம் போட்டபின் குமட்டலாம், ஏனென்றால் நிற்கும் படகு ஓடும் படகைவிட அதிகம் உருளும். அப்போது சிறந்த மருந்து சீக்கிரம் தண்ணீரில் இறங்குவது. வாந்தி வந்தே தீரும் என்றால் காற்று எந்தப் பக்கத்தை நோக்கிப் போகிறதோ அந்தப் பக்கம் திரும்பிக் குனியுங்கள். எதிர்ப் பக்கம் குனிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பையில்

நீச்சல் உடையை அறையிலேயே உள்ளே போட்டுக்கொண்டு கிளம்புங்கள், படகில் மறைவிடமும் கழிவறையும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டை அவசியம். குப்புற மிதக்கும்போது முதுகும் பின்தொடையும்தான் வெந்து போகும், சன்ஸ்க்ரீனைவிடத் துணி நம்பகமானது. மிச்ச இடத்துக்கு ஜிங்க் ஆக்சைடு வகைக் கிரீம். ஆக்ஸிபென்ஸோன் உள்ளவை பவளத்துக்குக் கெடுதல் என்பதால் ஹவாயில் 2021 முதல் விற்பனையே தடை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, காது வரை மூடும் தொப்பி, நீர் புகாத பை. தங்கச் சங்கிலி, மோதிரம், மெட்டி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்றுவிடும், வெள்ளி பளபளத்தால் சில மீன்கள் கடித்துப் பார்க்கும்.

படகிலும் நீரிலும்

ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு. விசில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தலை எண்ணிக்கையை யார் எடுக்கிறார் என்று கவனியுங்கள். இறங்கும்போது எண்ணி, ஏறும்போது எண்ணாத படகில் உங்கள் குழுவை நீங்களே எண்ணுங்கள்.

தீவை அடைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நெருங்கும்போது மேலே பாருங்கள்: வெண்வயிற்றுக் கடற்கழுகுகள் இந்தத் தீவின் மரங்களில் கூடு கட்டி வாழ்கின்றன.

ஃபின்ஸைக் கடைசியாகப் போடுங்கள். போட்டுக்கொண்டு படகில் நடந்தால் விழுவது உறுதி, நடக்க வேண்டி வந்தால் பின்னோக்கி. ஏணி வழியாக இறங்குவது சுலபம். குதிப்பதானால் ஒரு கையால் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, கீழே ஆள் இல்லை என்று பார்த்து, ஒரு நீண்ட அடி எடுத்து வைப்பது போலக் காலை முன்னே நீட்டுங்கள்.

நீரில் விழுந்ததும் முதல் இரண்டு நிமிடம் எதையும் பார்க்க முயலாதீர்கள். கயிற்றைப் பிடித்து மிதந்து, குளத்தில் பழகிய நான்கு ஆறு கணக்கில் மூச்சை நிதானப்படுத்துங்கள். பிறகு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்: அசையாமல் மிதந்தால் படகை விட்டு எந்தத் திசையில் நகர்கிறீர்கள்? முதலில் அதற்கு எதிராக நீந்துங்கள். களைத்துத் திரும்பும்போது நீரோட்டமே படகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மாற்றிச் செய்கிறவர்களைத்தான் கயிறு வீசி இழுக்க வேண்டியிருக்கிறது.

பாறையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளியே இருங்கள், அலை தூக்கி அடித்தால் சிப்பி ஒட்டிய பாறை தோலை அரத்தால் தேய்த்தது போல் ஆக்கிவிடும். மீன் தேடி ஓடாதீர்கள். ஒரே இடத்தில், கையை மார்போடு வைத்து அசையாமல் மிதந்தால் ஒரு நிமிடத்தில் அவை வெளியே வரும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடியாக வரும். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் 'கறுக் கறுக்' ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கும். பாறை இடுக்கில் விலாங்கு போன்ற மோரே வாயைத் திறந்து திறந்து மூடும். அது மிரட்டல் அல்ல, அதன் மூச்சு. ஆனாலும் இடுக்கில் கை விடாதீர்கள்.

மூச்சைப் பிடித்து முக்குளிக்க நினைப்பவர்கள், அதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள். அது ஆக்சிஜனைக் கூட்டாது, கரியமில வாயுவைக் குறைத்து, "மேலே போ" என்று சொல்லும் உணர்வை அடக்கிவிடும். நல்ல நீச்சல்காரர்களே நீருக்குள் சத்தமில்லாமல் மயங்குவது இதனால்தான். ஜோடி இல்லாமல் யாரும் முக்குளிக்கக் கூடாது.

பவளத்தையும் கடல் விசிறியையும் தொடவும் வேண்டாம், ஒரு துண்டு எடுக்கவும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

குத்தினால், சுட்டால்

கடல் முள்ளெலி குத்தினாலோ, விஷ முள் மீன் பட்டாலோ, தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை வையுங்கள், வெந்து போகாத சூடு. சொறிமுட்டை (ஜெல்லி மீன்) சுட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டுமே மிச்சமுள்ள கொட்டும் செல்களை வெடிக்க வைக்கும். கடல் நீரால் அலசி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பிறகு சூடான நீர். வினிகர் சில வகைக்கு உதவும், சில வகைக்கு நிலைமையை மோசமாக்கும். என்ன வகை என்று தெரியாமல் ஊற்ற வேண்டாம். மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் நேரே மருத்துவமனை. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. கிளம்பும் முன்பே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

மதியம் ஒன்றரையளவில் திரும்பிவிடலாம். பசி கொல்லும். மீன் சாப்பாட்டுக் கடையில் பெயர்கள் குழப்பும்: காணே என்றால் நம் கிழங்கான், அஞ்சல் என்றால் வஞ்சிரம், பங்குடெ என்றால் கானாங்கெளுத்தி. அன்று வந்த மீன் எது என்று கேட்டு அதையே சொல்லுங்கள்.

ஊர் பார்க்க வைத்த நாளில் கோயிலின் இருபது நிலை ராஜகோபுரத்தில் லிஃப்ட் ஏறிப் பாருங்கள். 237 அடி, திருவரங்கத்து ராஜகோபுரத்தோடு தோள் உரசும் உயரம். மேலிருந்து 123 அடி சிவன் சிலையும், தெளிவான நாளில் கடலில் நேத்ராணியின் மங்கலான மேடும் தெரியும். ஈர அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் போகாதீர்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தெற்கே சுமார் 100 கி.மீ. போய் மல்பேயில் செயின்ட் மேரீஸ் படகு பிடிக்கலாம். அறுகோணத் தூண்களாக எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகள் சுமார் 8.8 கோடி ஆண்டுப் பழமை, மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தவை. 1498இல் வாஸ்கோ ட காமா இங்கே இறங்கிப் பெயர் வைத்ததாகக் கரையோரக் கதை. தீவில் கிடைக்கும் நேரம் குறைவு. பாறை முழுக்க வழுக்கல் என்பதால் செருப்பைவிட ஷூ நல்லது. அங்கே நீந்த வேண்டாம்.

நேத்ராணியில் ஸ்நார்க்கலிங்கோடு அறிமுக ஸ்கூபாவும் (காற்றுச் சிலிண்டரோடு ஆழத்தில் முழுகுவது) செய்தவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்கூபாவுக்குப் பின் உடனே உயரத்துக்குப் போவது ஆபத்து, அதனால் விமானம் ஏறக் கூடாது என்பது தெரிந்ததே. ஆனால் பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே ஒரு முழுகலுக்கு 12 மணி நேரம் கழித்தே 600 மீட்டருக்கு மேல் ஏறலாம் என்பது டைவிங் விதி. காலை பத்துக்கு முழுகினால் இரவு பத்துக்கு முன் மலைச்சாலை ஏறாதீர்கள், மதியமே காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். இரண்டு முறை முழுகியிருந்தால் 18 மணி நேரம், அன்றிரவு கரையிலேயே தங்குவதே சரி. ஸ்நார்க்கலிங் மட்டும் செய்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வீடு திரும்பியதும் மாஸ்க்கையும் குழாயையும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கோன் மஞ்சளாகும். உப்போடு அப்படியே பையில் சுருட்டி வைத்தால், அடுத்த டிசம்பரில் எடுக்கும்போது கறுப்புப் பூஞ்சை பிடித்திருக்கும்.